ஒன்றரை மில்லி

சாயப்பட்டறையில் சிட்டிபாபு தராசைத் தொட்டதே கிடையாது. அரக்குச் சிவப்போ மாம்பழ மஞ்சளோ, பொடியைக் கையால் அள்ளிப் போடுவார். நிறம் ஏறவில்லையென்றால் இன்னும் ஒரு சிட்டிகை. முப்பது வருஷத்தில் ஒரு சிட்டம் பட்டு நூல்கூட வீணானதில்லை.

அவர் மனைவி பெரியநாயகிக்கு விலாவில் அக்கி வந்து ஆறி இரண்டு வருஷம். ஆறியது புண்தான், நரம்பு வலி போகவேயில்லை. துணி பட்டாலே நெருப்பாய் எரியும். ரவிக்கை போட முடியாமல், அவருடைய பழைய தொளதொளச் சட்டையோடு வீட்டிலேயே கிடந்தாள். செம்மண்ணில் அக்கி எழுதிப் பார்த்தாயிற்று, ஆஸ்பத்திரிகளும் அலுத்துவிட்டன.

கடைசியாக டாக்டர் ஜீவிதா ஒரு மாத்திரை எழுதினார். “இது குடிய நிறுத்தறதுக்குக் குடுக்கறது.”

“அடக் கண்றாவியே! இவ காபி கூட குடிக்கமாட்டாளேமா!”

“தெரியும் சார். ரொம்பக் கொஞ்சமா குடுத்தா சிலருக்கு நரம்பு வலி கேக்குது. அம்பது மில்லி தண்ணியில ஒண்ணு கரைச்சு, தினம் ஒன்றரை மில்லி. கூடிப்போச்சுன்னா கேக்காது.”

பன்னிரண்டாம் நாள் பெரியநாயகி ரவிக்கை போட்டுக்கொண்டு வாசலில் கோலம் போட்டாள். சிட்டிபாபுவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவி மனுஷன், அத்தோடு விட்டிருக்கலாம். இத்தனூண்டுக்கே இவ்வளவு என்றால் என்று இரண்டு மில்லி ஆக்கினார். வலி லேசாகத் தலைகாட்டியது. மூன்று. பிறகு ஐந்து. பட்டறைப் புத்தி! மாசம் முடிவதற்குள் அவள் மறுபடி சட்டைக்குள் போய்விட்டாள்.

“அளவு மாத்தலையே?” என்று டாக்டர் கேட்டார்.

சிட்டிபாபு வாயெடுப்பதற்குள் பெரியநாயகி முந்திக்கொண்டாள். “அவுரு கை தப்பாதும்மா. ஊர்ல யார வேணா கேட்டுப் பாருங்க.”

டாக்டர் அவரைப் பார்த்தார். சிட்டிபாபு தலையாட்டினார்.

“அப்போ இதுவும் கேக்கலமா. நிறுத்திடலாம். இதுக்கு மேல எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல.”

பஸ்ஸில் சட்டை உரசாமல் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக் குனிந்தபடியே வந்தாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அவருக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சொன்னால் அந்தக் கையை அவள் எப்படிப் பார்ப்பாள்?

“இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வச்சிகினு வரீங்க?” என்றாள் பெரியநாயகி. “நீங்க ஒரு நாள் தவறாம ஊத்தித்தான் குடுத்தீங்க. என் ஒடம்புதான் ஏத்துக்கல.”

ஆமாம் என்றார் சிட்டிபாபு.