காய்வெட்டுத் தக்காளி

சிவப்பு வெளிச்சத்தை முழுமையாக அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சூரியன். மற்றவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை பார்க்கும் அரசப்பன், என் அப்பா. இதை நான் சொல்லவில்லை. மோர் மிளகாயைக் கடித்தபடி, முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல், அவரே சொன்னார். சூரியனை முதலில் சொன்னது அவருடைய பெருந்தன்மை.

அப்பா பர்னஸ்மேன். இரும்புக் கட்டைகளை உலையில் காய்ச்சி, பதம் வந்ததும் உருளைகளுக்குத் தள்ளிவிடுகிற வேலை. பதம் வருவதற்கு முன்னால் தள்ளினால் உருளை உடையும். பதம் தாண்ட விட்டுவிட்டால் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கம்பெனி இதற்கென்று ஒரு மீட்டர் வாங்கி வைத்திருக்கிறது. அந்த மீட்டர் சரியாக இருக்கிறதா என்று அப்பாவைக் கேட்டுத்தான் பார்க்கிறார்கள் என்பது அப்பா தரும் தகவல். அவருடைய கணக்கில் டிகிரி கிடையாது. பீட்ரூட், தக்காளி, கேரட், மாம்பழம், எலுமிச்சை. உலையின் ஓட்டை வழியாக ஒரு கண்ணால் பார்ப்பார். கட்டை மாம்பழ நிறத்துக்கு வந்தால் "தள்ளு" என்பார். இருபத்திரண்டு வருடங்களில் ஒரு மாம்பழம்கூடத் தப்பியதில்லை.

2008 ஆடி மாதத்தில் எங்கள் வீட்டுக்கே ஒரு சிவப்பு வெளிச்சம் வந்தது. அம்மா குணசுந்தரிக்கு ஒரு வருடமாக வலது தோளில் வலி. கையைத் தூக்கித் தலை பின்ன முடியவில்லை. பொன்னேரியில் பிசியோதெரபி பார்க்கிற பெண், "டெய்லி பஸ்ல இடிபட்டு வந்தீங்கன்னா இருக்கிற நோவோட பஸ் நோவும் சேந்துக்கும். ஊட்லயே லைட்டு வச்சுக்குங்க" என்றாள். திருவள்ளூரில் ஒரு சர்ஜிகல் கடையில் நான்தான் வாங்கி வந்தேன். கொக்குக் கழுத்து மாதிரி வளையும் ஸ்டாண்டு. அதன் முனையில் தேங்காய் அளவுக்குச் சிவப்பு பல்பு. ஒன்றரை அடி தள்ளி உட்கார வேண்டும், பதினைந்து நிமிடம்தான், பல்பைப் பார்க்கக் கூடாது.

அப்பா ஷிப்டு முடிந்து வந்து பல்பைத்தான் முதலில் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

"தக்காளி," என்றார். "அதுவும் காய்வெட்டு. பாதிகூடப் பழுக்கல."

"நோவுக்குதான வாங்கினோம், ரசத்துக்கா?" என்றாள் அம்மா.

"தே பாரு. டெய்லி எட்டு மணி நேரம் மாம்பழத்து எதிர்ல நின்னுகினு இருக்கேன். அதுல போவாத நோவா உன் தக்காளியில போவப் போவுது?"

"அப்ப உனக்கு நோவு இருக்குதுன்னு ஒத்துக்கிற?"

"யாருக்கு நோவு? நான் பொதுவா சொன்னேன்."

பொதுவாக என்றால், அப்பாவின் இடுப்பு. மூன்று மாதமாக அவர் குனிந்து நான் பார்க்கவில்லை. சேப்டி ஷூவை நின்றபடியே, தோசைத் திருப்பியின் காம்பை விட்டு நெம்பி மாட்டிக்கொள்வார். புது மேனேஜர் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்: நாற்பத்தைந்து வயது தாண்டியவர்களுக்கு வரும் சனிக்கிழமை டாக்டர் செக்கப். குனிந்து கால் விரலைத் தொட வேண்டும். தொட முடியாதவர்களுக்கு உலையில் வேலை இல்லை. கேட்டில் வாட்ச்மேன் சுப்பராயன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து லாரி நம்பர் எழுத வேண்டும். இதுபற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. தோசைத் திருப்பி மட்டும் செருப்பு ஸ்டாண்டுக்கு இடம் மாறியிருந்தது.

அம்மா தினமும் சாயங்காலம், கரண்ட் போவதற்கு முன்னால், முன்னறையில் விளக்கேற்றி உட்கார்ந்தாள். தலை பின்ன முடியாததால் முடி அவிழ்ந்து கிடக்கும். பல்பைப் பார்க்கக் கூடாது என்பதால் கண்கள் மூடியிருக்கும். அறை முழுக்கச் செக்கச்செவேல் என்று இருக்கும். பக்கத்து வீட்டுப் பூவம்மாள் ஜன்னல் வழியாக இதைப் பார்த்திருக்கிறாள். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டதை நான் மாடிப்படியிலிருந்து பார்த்தேன். ஏதோ வேண்டுதல் என்று நினைத்துவிட்டேன். மறுநாள் காலையில் எங்கள் கேட்டில் ஒரு கொத்து வேப்பிலை செருகியிருந்தது. ஆடி மாதம் என்பதால் அதையும் யாரும் கேட்கவில்லை.

பூவம்மாளின் கணவர்தான் மில் கேட்டில் இருக்கும் சுப்பராயன்.

வியாழக்கிழமை காலை ஆறு மணி ஷிப்டுக்குப் போன அப்பா எட்டு மணிக்கே வீட்டுக்கு வந்து நின்றார்.

"இன்னாய்யா, அதுக்குள்ள?"

"நம்ம ஊட்ல அம்மை போட்டிருக்குது. பத்து நாளு மில்லுப் பக்கமே வரக் கூடாதுன்னு மேனேஜர் அனுப்பிச்சிட்டாரு."

அம்மா பயந்துபோய் என்னைத் தொட்டுப் பார்த்தாள். "யாருக்கு?"

"உனக்குத்தான்."

சுப்பராயன் கேட்டிலேயே மறித்து, மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம். அது அம்மை இல்லை, லைட்டு என்று சொல்ல அப்பா வாயைத் திறந்திருக்கிறார். திறந்த வாயில் மேனேஜர், "செக்கப்பும் பத்து நாள் கழிச்சு வந்து பண்ணிக்கோ" என்று போட்டுவிட்டார். அப்பா வாயை மூடிக்கொண்டார்.

"இப்பவே பூவம்மா கிட்ட போயி சொல்றேன்," என்று அம்மா எழுந்தாள்.

"குணா, நில்லு."

அப்பா அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான்.

"சனிக்கிழமைன்னா என்னால முடியாது," என்றார். "முட்டிக்குக் கீழ கை போவல. பத்து நாளு கெடைச்சா..."

அம்மா அவருடைய ஷூவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஜன்னலை நல்லா தொறந்து வை. கும்பிடறவங்க கும்பிட்டும்" என்றாள்.

அப்படியாக அம்மாவுக்கு அம்மை வந்தது. அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டால் பூவம்மாளுக்கு விஷயம் புரிந்துவிடும். எனவே தாளிக்காத பருப்பு, தாளிக்காத கீரை, மறுநாள் மறுபடியும் தாளிக்காத பருப்பு. என் இடுப்பில் எந்தக் கோளாறும் இல்லை. இருந்தும் நானும் சாப்பிட்டேன். பூவம்மாள் தினமும் இளநீர் கொண்டுவந்து வாசலிலேயே வைத்துவிட்டுப் போனாள். ஒருநாள் தன் மருமகளுக்குக் குழந்தை வேண்டும் என்று ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டாள். அம்மா கண்ணைத் திறக்காமல், "ஆவும், ஆவும்" என்றாள்.

அப்பா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு குனிந்து பழகினார். முதல் நாள் முட்டி. இரண்டாம் நாளும் முட்டி. மூன்றாம் நாள், முட்டியைத் தொட்டவர் நிமிர முடியாமல் என்னைக் கூப்பிட்டார். நான் போய் நிமிர்த்திவிட்டேன். இதுபற்றியும் வீட்டில் யாரும் பேசவில்லை.

ஐந்தாம் நாள் கல்லூரியில் ஏதோ ஸ்ட்ரைக். மதியமே வீட்டுக்கு வந்தேன். முன்னறை ஜன்னல் சாத்தியிருந்தது. விளிம்புகளில் மட்டும் சிவப்பு கசிந்தது. அம்மா அடுப்படியில் பருப்பு கடைந்துகொண்டிருந்தாள். அவளுடைய தலை பின்னியிருந்தது. கோணல்தான், ஆனால் அவளே பின்னியது.

முன்னறைக்குள் போனேன். விளக்கின் கொக்குக் கழுத்து கீழே வளைந்திருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சட்டை இல்லாமல், அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

என் காலடிச் சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது. திரும்பவில்லை.

"நைனா," என்றார்.

"இன்னாப்பா?"

"கலர் இன்னா?"

நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். "தக்காளி."



"காய்வெட்டா?"

"பழுத்ததுப்பா."

"ம்," என்றார். ஸ்டூலைப் பின்னால் விளக்குப் பக்கம் மெல்ல நகர்த்தினார்.

"ஒன்னரை அடி," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

அப்பா ஸ்டூலைப் பழைய இடத்துக்கே நகர்த்திக்கொண்டார்.

"இன்னும் எவ்ளோ நேரம் குணா?"

"ஏழு நிமிசம். பல்பைப் பாக்காத."

அப்பா கண்களை மூடிக்கொண்டார்.