கால் நனையாமல்

எங்கள் ஸ்கார்நெஸ் மீன்பிடித் துறையின் வரலாற்றை எழுத அபெர்டீன் நகரத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். "படகு வந்து அணையக் கல்பாலம் கட்டுறதுக்கு முன்னாடி பொம்பளைங்கதான் புருஷனை முதுகுல சுமந்து படகுல ஏத்துவீங்களாமே?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? எங்கள் துறையை எந்த மனிதனும் கட்டவில்லை. இரண்டு பாறைகளுக்கு நடுவே கடல் தானாகக் குடைந்த இடம் அது. படகு கரைக்கு வராது, இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கும். குளிரில் பகலெல்லாம் உட்காரப் போகிறவனுக்குக் கால் நனையக் கூடாது. ஆகவே பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாங்கள் சுமந்தோம்.

என் புருஷன் டன்கனை நான் பதினோரு வருஷம் சுமந்தேன். ஆள் நல்ல கனம். "கஞ்சியைக் கொஞ்சம் குறைச்சாத்தான் என்ன?" என்பேன். "பேசாம நட, குதிரை" என்று என் காதைத் திருகுவான்.

அந்த மார்ச் மாதம், முந்தின நாள் முழுக்க மட்டி உடைத்து ஆயிரம் தூண்டில் முள்ளுக்கு இரை குத்தியிருந்தேன். விரலெல்லாம் கீறல். காலையில் கரையில் வைத்துத் தூண்டில் கூடையைப் பார்த்தான்.

"என்னடி இது, இரையெல்லாம் தொங்குது? எங்கம்மா குத்தினா ஒண்ணுகூட அவிழாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்போ உங்கம்மாவையே வந்து தூக்கச் சொல்லுய்யா. நான் தூக்க மாட்டேன்."

கரையே சிரித்தது. மற்றப் பெண்கள் முதுகைக் காட்டிக் குனிந்து நிற்க, நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "இரு எல்சி, சாயங்காலம் வந்து பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினான். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுவதைப் பார்த்தேன். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். பாழாய்ப்போன வாய் திறக்கவில்லை.

மதியம் காற்று திரும்பியது. அவர்கள் பாறைகளுக்கு நடுவே நுழையும்போது அலை படகைப் புரட்டிப்போட்டது. மூன்று பேர் பாறையில் தொற்றி ஏறினார்கள். டன்கன் ஏறவில்லை. தப்பியவர்களில் ஒருவனான அவன் தம்பி ராபிதான் வந்து சொன்னான்.

"காலையிலேர்ந்தே கால் மரத்துக் கெடக்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு அண்ணி. பாறை கைக்கு எட்டுச்சு. காலை ஊனி ஏறத்தான் முடியல."

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. என் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டான். அவனை நான் திட்டவில்லை. திட்ட வேண்டியவள் நான்தானே.

மூன்றாம் நாள் கடல் அவனைத் துறைக்குள்ளேயே கொண்டுவந்து விட்டது. ஆண்கள் பலகையோடு ஓடிவந்தார்கள். பலகை வேண்டாம் என்றேன். பாவாடையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, எப்போதும்போல் முதுகைக் காட்டிக் குனிந்தேன். யாரும் அசையவில்லை.

"ஏத்துங்கடா!" என்று கத்தினேன்.

ஏற்றினார்கள்.

மறு வருஷம் கல்பாலம் கட்டினார்கள். வரலாறு எழுத வந்த ஐயா அந்த வருஷத்தைத்தான் கேட்டார், சொன்னேன், எழுதிக்கொண்டார். அவர் கேட்காததும் ஒன்று இருக்கிறது. டன்கன் உயரமானவன். விறைத்துப்போனவனுக்கு மடங்காத கால் இரண்டும் தண்ணீரில் இழுபட்டன. "கால் நனையுதுடா, தூக்கிப் பிடி" என்றேன். ராபி அழுதுகொண்டே, வீடு வரைக்கும் அவற்றைத் தூக்கிப் பிடித்தபடி என் பின்னால் வந்தான்.