இருபது குட்டை மூக்குகள்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு மூக்கு ஜோசியக்காரி என்று பெயர். மக்காச்சோள மணியைத் துளைக்கும் வண்டை உருப்பெருக்கியின் அடியில் புரட்டிப் போட்டு, மூக்கு நீண்டு வழவழப்பாக இருந்தால் பெண், குட்டையாகச் சொரசொரத்தால் ஆண் என்று இரண்டு கிண்ணங்களில் பிரிப்பதுதான் அவள் பிழைப்பு. எந்த ரகம் வண்டைத் தாங்கும் என்று பார்க்க, ஜாடிக்கு ஒரு ரக மணி, பத்துப் பெண், பத்து ஆண். பத்து நாளில் அவற்றை எடுத்துச் சீட்டு ஒட்டிய குப்பியில் போட்டுவிட்டு, மணிக்குள் இட்ட முட்டையிலிருந்து எத்தனை வண்டு வருகிறது என்று இரண்டு மாதம் எண்ண வேண்டும்.

பதினான்காம் ஜாடியில் இருந்தது அவள் அக்கா வீட்டு நாட்டு மக்காச்சோளம். கல் மாதிரி மணி, மாவு மில்காரரே முகம் சுளிப்பார். மற்ற ஜாடிகளில் வண்டு நூறைத் தாண்டியபோது அதில் ஒன்றுகூட வரவில்லை. மேலதிகாரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"நாளைக்கு அறிக்கை போகுது. உங்க பேரும் இருக்கு. இனிமே தற்காலிகம்னு யாரும் உங்கள சொல்ல முடியாது" என்றார்.

ஆறு வருஷமாகக் காத்திருந்த பேச்சு.

சும்மா இருந்திருக்கலாம். கை அரித்தது. பதினான்காம் ஜாடியின் குப்பியைத் திறந்து செத்த வண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இருபது மூக்கும் குட்டை. ஆண் கிண்ணத்திலேயே இரண்டு முறையும் கையை விட்டிருக்கிறாள். ஆம்பளைகளை மட்டும் குடிவைத்துவிட்டு, பிள்ளை பிறக்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லப் போகிறார்கள். குப்பியைக் கவிழ்த்துவிடக் கழுவும் தொட்டி இரண்டடி தூரத்தில்தான் இருந்தது. பாழாய்ப்போன கண், ஏன்தான் பார்த்துத் தொலைத்ததோ என்று எரிச்சலாக வந்தது.

குப்பியை அதிகாரி மேசையில் வைத்தாள்.

"சார், இதுல பொண்ணே இல்ல."

அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "உங்கள யாராவது கேட்டாங்களா?"

"இல்ல சார்."

அறிக்கை நின்றது. மறுபடி சோதனை. இரண்டு மாதம் கழித்து மற்ற ஜாடிகளில் நூற்றிருபது வரை போயிற்று, பதினான்கில் ஏழு. நாட்டுச் சோளம் வண்டு தாங்கும் ரகங்களின் பட்டியலில் ஏறியது. அவளுக்கு மட்டும் இன்னும் ஒரு வருஷம் தற்காலிகம் என்று ஓலை வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு, பெண் கிண்ணத்தின் விளிம்பில் சிவப்பு நகப்பூச்சைத் தடவினாள்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"உன் சோளத்துல ஏழு வண்டு வந்துடுச்சுக்கா."

"எங்க வீட்லயும் அவ்வளவுதான்டி வரும். ஒண்ணுமே வராதுன்னு யாரு சொன்னா? நீங்க யாராவது எங்கிட்ட கேட்டீங்களா?"