இடப்பக்கக் கைப்பிடி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ஒருத்தி செத்து முடிகிற வரை பொறுக்கக்கூடத் தெரியவில்லை. ஆர்லோவின் மனைவி டெல்ஃபா பக்கத்து அறையில் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்குள் எழவு வீட்டுக்குக் கொடுக்கிற உருளைக்கிழங்குத் தட்டுகள் வந்து சமையலறை மேடையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. கொண்டுவந்தவர்கள் முன்வாசல் மணியை வேறு அடித்தார்கள். பைபிள் விற்கிறவனைத் தவிர யாரும் அந்த மணியைத் தொட்டதில்லை. வீட்டு மனுஷி போலச் சமையலறைப் பின்கதவு வழியாக வந்தவள் நர்ஸ் மாரிஸா ஒருத்திதான். அதனாலேயே அவள் சொன்ன மருந்துக்கு மட்டும் ஆர்லோ தலையாட்டினார்.

வைஸ் இடுக்கியில் நிமிர்ந்து நின்ற ரைஃபிள் குழலுக்குள், துளை குடையும் ரீமரை அழுத்திச் சுற்றினார்.

"ஆர்லோ." பக்கத்து அறையிலிருந்து குரல் நூலாக வந்தது. "கோவமா இருக்கியா?"

"இல்ல."

"இருக்கே. கீச்சுங்குது. வெளிய எடு. தொடச்சிரு."

எடுத்தார். ரீமரின் பள்ளங்களில் இரும்புப் பிசிறு அப்பிக்கிடந்தது.

"லொரெய்ன் தட்டு கொண்டாந்திருக்கா," என்றார். "நீ போறதுக்கு முன்னாடியே."

"நல்லதாப் போச்சு. என் எழவுச் சோத்த நானே ருசி பாக்கலாம். கொண்டா."

கரண்டி நுனியில் கொண்டுபோய்க் கொடுத்தார். நாக்கால் தொட்டுப் பார்த்தாள்.

"உப்பு கம்மி. அவகிட்ட சொல்லாத, அழுவா."

கட்டிலருகே இருந்த மகள் ரோண்டா சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்தினாள்.

ஆர்லோவின் வலக்கண் போய் மூன்று வருஷம் ஆகிறது. இனி எல்க் மான் வேட்டை கிடையாது என்று சொல்லி, துப்பாக்கிகளைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். டெல்ஃபா விடவில்லை. அவர் இடக்கண்ணால் குறி பார்த்துச் சுடட்டும் என்று போன குளிர்காலத்தில் இடக்கைக்காரர்களுக்கான துப்பாக்கி உடல் ஒன்றைத் தருவித்தாள். தோட்டாவை உள்ளே தள்ளி மூடுகிற போல்ட்டின் கைப்பிடி இடப்பக்கம் இருந்தது. தோட்டா உட்காரும் அறை முக்கால்வாசி குடைந்த குழல் ஒன்றும் வந்தது. மீதியை வாங்கியவரே குடைந்துகொள்ள வேண்டும். அதற்கான ரீமர் தபாலில் வாடகைக்கு வந்தது. முகம் தெரியாதவன் அனுப்புகிற கருவியை நம்பலாமா என்று ஆர்லோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவள் காதில் வாங்கவில்லை. அடுப்புச் சூட்டுக்காக வைஸைச் சமையலறை மேஜையிலேயே பூட்டி, தினமும் கொஞ்சம் கையால் சுற்றினாள். பிறகு கையில் தெம்பில்லாமல் போயிற்று. காகிதத் தடிமன் அளவு மிச்சம் நின்றது.

அந்தக் கடைசி மிச்சம்தான் பொல்லாதது. அளவுக்கு மேல் குடைந்துவிட்டால் திரும்ப நிரப்ப முடியாது. ஒருமுறை ஆர்லோவோடு சண்டை போட்ட கையோடு வந்து சுற்றி, அவளே ஒரு குழலைக் கெடுத்திருக்கிறாள். அது தோட்டத்தில் பட்டாணிக்கொடிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

"அப்பா, டவுன்ல லேத் பட்டறை வச்சிருக்கறவன் அரை மணியில முடிச்சுக் குடுத்துருவான்," என்றாள் ரோண்டா. "நீங்க வந்து அம்மா பக்கத்துல உக்காருங்க."

"வேண்டாண்டி," என்றாள் டெல்ஃபா. "உங்கப்பனுக்குப் பக்கத்துல உக்காந்தா பேசவும் தெரியாது, சும்மா இருக்கவும் தெரியாது. அங்கயே இருக்கட்டும். போல்ட் மூடுற சத்தத்தக் கேட்டுட்டுப் போறேன்."

ஆர்லோ கைகழுவி, தண்ணீர் குடித்து, ஜன்னல் வழியாக மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இறங்கியது போலத்தான் இருந்தது. எண்ணெய் விட்டு மறுபடி சுற்றினார்.

"அழுத்தாத. அதோட கனமே போதும்."

"தெரியும்."

"பின்னால திருப்பிராத. முனை செத்துரும்."

"தெரியும்டி, கிழவி."

வெளியே எடுத்துத் துடைத்தார். தோட்டா வடிவத்து அளவு கேஜை உள்ளே போட்டுப் போல்ட்டைத் தள்ளினார்; முழுக்க மூடினால் ஆழம் சரி. கைப்பிடி பாதி வழியில் நின்றது. இன்னும் இல்லை. மறுபடி எண்ணெய், மறுபடி சுற்று. குரல் வர நேரம் பிடித்தது. பிறகு "எடு" என்கிற ஒரு சொல் மட்டும் வந்தது. அதற்கடுத்த முறை சத்தம் வெண்ணெயைச் சீவுவது போல வழுவழுவென்று இருந்தது. யாரும் எடு என்று சொல்லவில்லை. அவராகவே எடுத்தார். அறைப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் துடைத்து, கேஜைப் போட்டு, இடது கையால் தள்ளிக் கைப்பிடியை இறக்கினார்.

க்ளக். நல்ல அலமாரியின் இழுப்பறை போல மூடிக்கொண்டது.

நம்பவில்லை. திறந்து மறுபடி மூடினார். மூடவே கூடாத பெரிய கேஜைப் போட்டுப் பார்த்தார். மூடவில்லை.

"மூடிருச்சு, டெல்ஃபா."

மாரிஸா நிலைப்படியில் வந்து நின்றாள். ஸ்டெதஸ்கோப் கழுத்தில் தொங்கியது. உள்ளே ரோண்டா விசும்பினாள்.

"எப்ப?"

"இப்பதாங்க ஐயா."

"போல்ட் மூடுறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

மாரிஸாவுக்கு அது முழுதாக விளங்கவில்லை. "காதுதாங்க கடைசியா அடங்கும்," என்றாள்.

"திரும்பி வந்து சொன்னது யாரு?" என்றார். அவள் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, "நீ பின்கதவு வழியா வந்தே. வலி தெரியாமப் பாத்துக்கிட்டே. அத மறக்க மாட்டேன். சாப்பிட்டுப் போ. உப்புதான் கம்மி," என்றார்.

வைஸிலிருந்து ரைஃபிளைக் கழற்றினார். எண்ணெயைத் துடைத்துக் கட்டிலருகே எடுத்துப்போனார். டெல்ஃபாவின் விரல் நகங்களில் குளிர்காலத்தில் குழல் குடைந்த எண்ணெய்க் கறை இன்னும் இருந்தது. கோணல்மாணலாக இடது கையால் கைப்பிடியைத் தூக்கி இழுத்து, அவள் காதருகே மெதுவாக மூடினார்.

"அம்மாவுக்குக் கேட்டிருக்கும்பா," என்றாள் ரோண்டா. "முதல் தடவையே கேட்டிருக்கும்."

ஆர்லோ ஒற்றைக் கண்ணால் அந்த முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"நீ அப்படிச் சொல்ற."

ரைஃபிளைக் கட்டிலோரம் அவள் கைக்கு எட்டும்படி சாய்த்து வைத்தார். அவள் விரல்களை ஒருமுறை தொட்டார். முன்வாசல் மணி அடித்தது. இன்னொரு தட்டாக இருக்கும். அவர் சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியேறினார்.

கெட்டுப்போன குழலில் பட்டாணி பூத்திருந்தது. அதைத் தாண்டி, தலையை ஆட்டிக்கொண்டே வேலியோரமாக நடந்தார். இடது கை மட்டும் காற்றில் எதையோ தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி இறக்கிக்கொண்டிருந்தது.