சேமியா ஐஸில் வந்த சங்கரா

ஜெயராணிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. கூடை சுமந்து வரும் வலி என்றால் பழக்கம். இது கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறிய நாளிலிருந்து வீட்டில் சும்மா உட்கார்ந்ததால் வந்த வலி. வாரம் முழுக்கப் படகு போகவில்லை. சிதம்பரம் மார்க்கெட்டில் அவள் மீன் விற்கும் இடம் காலி. இன்றும் போகாவிட்டால் வேறொருத்தி அங்கே கூடையை இறக்கிவிடுவாள்.

கூண்டு இறங்கியதும் கடலுக்குப் போன படகுகள் காலையில் திரும்பின. கொள்ளை மீன்! ஏலத்தில் அவள் போட்ட கூச்சலில் இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. எட்டுப் பெட்டி சங்கரா மீனை எடுத்த பிறகுதான் புத்தி வந்தது. கரண்ட் இல்லாமல் ஐஸ் ஃபேக்டரி அத்தனையும் மூடிக் கிடந்தன. மற்ற நாளில் ஐஸ் தானாக வரும். ஐஸ் இருக்கா என்று கேட்டுக்கொண்டு ஏலம் எடுக்கிற பழக்கமே இல்லை.

“வெயில் ஏறுது ஜெயராணி, கருவாடு போட்டுடு,” என்று சிரித்தார் ஏலம் விடும் ஆண்டி.

“உன் வாயில போடறேன் மாமா!”

டீக்கடை ஓரம் ஒரு குட்டியானை வண்டி நின்றது. சிதம்பரத்துக் குச்சி ஐஸ் வியாபாரி ராஜமாணிக்கம், மழை விட்டதை நம்பி மஞ்சக்குப்பம் பொருட்காட்சிக்கு வந்தவர். மைதானத்தில் முழங்கால் தண்ணீர். வண்டிப் பெட்டி நிறையச் சேமியா ஐஸ், வாங்க ஆளில்லை.

“அண்ணே, ஊருக்குத்தான திரும்புறீங்க? என் மீனையும் அதுக்குள்ள போடுங்க.”

“யம்மா, இது பசங்க சப்பற ஐஸு!”

“எப்படியும் உருகி ஓடத்தான போவுது? மீனு சப்பிட்டுப் போவட்டும்.”

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு பெட்டியைத் திறந்தார். ஒரு அடுக்கு சங்கரா, ஒரு அடுக்கு சேமியா ஐஸ், குச்சியோடு.

சிதம்பரத்தில் அவள் இடம் அப்படியே இருந்தது. இறக்குமுன் கூட்டம் மொய்த்தது. வாடிக்கைக்காரர் ஞானசேகரன் வாத்தியார் வழக்கம்போல ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். செக்கச்செவேலென்ற செவுளில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது.

“ஐயோ, புழு!”

கூட்டம் பின்வாங்கியது. ஜெயராணி அதை உருவி வாயில் போட்டு மென்றாள்.

“சேமியா சார். பாயசம் குடிச்ச மீனு.”

மார்க்கெட்டே அதிரச் சிரித்தது. அப்புறம் சேமியா ஒட்டாத மீனை வாங்கவே மாட்டோம் என்றார்கள். மதியத்துக்குள் எட்டுப் பெட்டியும் காலி.

ராஜமாணிக்கம் வண்டிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். உருகிய தண்ணீரில் குச்சிகள்தான் மிதந்தன.

“யம்மா, எனக்கு ஒண்ணாவது எடுத்து வச்சியா?”

ஜெயராணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். விற்ற சந்தோஷத்தில் அந்த மனிதருக்கு ஒரு மீன்கூட ஒதுக்கவில்லை.

ஒரு வண்டிச் சேமியா ஐஸுக்கு ஈடாக, ராஜமாணிக்கத்துக்கு ஒரு கூடை சங்கரா பாக்கி.