சாந்திபுரத்து நடுக்கோடு

சாந்திபுரம் சடுகுடு மைதானத்தின் நடுக்கோடு, ஆட்டம் தொடங்கிய பிறகு வெளியூர் அணியின் பக்கமாக மூன்று முழம் நகர்ந்துவிடும். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு ஆள் போகத் தொடங்கிய தொண்ணூறுகளில் இது ஆரம்பித்தது. கோடு போடுகிறவர் கிருஷ்ணப்பா. மைதானத்தின் நீளத்துக்குக் கயிறு பிடித்து, அதை இரண்டாக மடித்து, மடிப்பு விழும் இடத்தில் சுண்ணாம்பு தூவுவார். இதில் தப்பு நேர வழியே இல்லை. ஆனாலும் ஆட்டம் முடிந்து அளந்தால் வெளியூர்க்காரர்களின் பாதி சிறுத்திருக்கும். கடிகார முள்ளைப் போல, அது நகர்வதை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

மூன்று முழம் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். பாடிப் போனவன் பிடிபட்டாலும், மூச்சு விடாமல் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் தப்பினான், பிடித்தவர்கள்தான் வெளியே. கோடு கிட்டே இருந்தால் சாந்திபுரத்தான் விழுந்தபடியே தொடுவான். வெளியூரான் அதே கோட்டுக்குத் திரும்ப அரை மைதானத்துக்கும் மேல் தவழ வேண்டும். ஆகவே ஒவ்வொரு பொங்கலுக்கும் சாந்திபுரம் ஜெயித்தது. ஜெயிக்க ஜெயிக்கக் கோடு இன்னும் தள்ளிப் போனது. ஜெயிக்கிற அணியைப் பார்க்கத்தான் ஜனம் வருகிறது என்று ஊரில் சொன்னார்கள். ஜனம் வந்தது, பாதி ஆட்டத்தில் எழுந்தும் போனது.

சந்தேகம் முதலில் கயிற்றின் மீது விழுந்தது. பெங்களூரிலிருந்து நைலான் கயிறு வந்தது. பிறகு சுண்ணாம்பின் மீது. சிமெண்டில் கோடு போட்டார்கள், அது விரிசல் விடாமல் நகர்ந்தது. கடைசியில் கிருஷ்ணப்பாவின் மீது. சாந்திபுரத்தின் சிறந்த ஆட்டக்காரன், பெங்களூரில் கட்டட வேலை செய்யும் பிரவீன், அவருடைய மகன். சந்தையில் அவரிடம் தக்காளி வாங்குகிறவர்கள் தராசுத் தட்டைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்கள். நகரி அணியைக் கூட்டிவரும் செங்கல்வராயன், அவரைக் காணிப்பாக்கம் பிள்ளையார் முன் சத்தியம் செய்யச் சொன்னார். கிருஷ்ணப்பா குளத்தில் முங்கி, ஈர வேட்டியோடு சத்தியம் செய்தார். பொய்ச் சத்தியம் செய்தவன் அங்கே தப்பமாட்டான். அவருக்கோ ஒரு தும்மல்கூட வரவில்லை. அப்படியானால் வேறு யார் என்று சந்தேகம் பரவியது. அடுத்த வருஷம் இரண்டு அணிகளும் ஒரே பஸ்ஸில் போய்ச் சத்தியம் செய்தன. திரும்பும் வழியில் ஒருவர் பையை ஒருவர் துழாவினர்.

“உங்க வூட்டுக்காரர் போட்ற கோடு நகரிக்கே வந்துடும் போல கீது, அக்கா,” என்றார் செங்கல்வராயன், கிருஷ்ணப்பாவின் மனைவி மணியம்மாவிடம்.

“வந்தா ஒரு வாய் சோறு போடுண்ணா. அதுவும் எத்தினி வருஷமா நடந்துகினு கீது,” என்றாள் அவள்.

ஆனால் செங்கல்வராயன் விளையாட்டாகப் பேசவில்லை. இந்த முறையும் நகர்ந்தால் எந்த அணியும் வராது, காரணம் கேட்டால் கிருஷ்ணப்பாவின் பெயரைத்தான் சொல்வோம் என்றார்.

அந்தப் பொங்கலில், பாதி ஆட்டத்துக்குள் நகரி அணி ஒரு கட்டில் அகலத்தில் நெருக்கி நின்றது. பிரவீன் அப்பாவிடம் வந்தான்.

“நைனா, ஸ்லாப் போட்றப்ப கலவைச் சட்டிய கைமாத்தி விடுவோம். பலசாலிங்க எல்லாம் ஒரே பக்கம் நின்னா, சட்டிங்க எதிர்ப்பக்கம் போய் குமிஞ்சிடும். மேஸ்திரி யாரையும் திட்டமாட்டாரு. ஒரு ஆளைத் தூக்கி அந்தாண்ட நிறுத்துவாரு.”

“அதுக்கு?”

“நான் அந்தாண்ட போறேன்.”

“எவ்ளோடா வாங்கினே?” என்று சாந்திபுரம் அணியின் கோபிகிருஷ்ணன் கத்தினான். பிரவீன் நகரிப் பக்கம் போய் நின்றான். அவன் முதல் பாட்டு பாடித் திரும்புவதற்குள், படுத்திருந்த மாடு எழுந்து இடம் மாறுவதைப் போல, எல்லோரும் பார்க்கக் கோடு நடுவுக்கு வந்தது. சாந்திபுரம் ஒரே புள்ளியில் தோற்றது. செங்கல்வராயன் கயிற்றைத் தானே மடித்து அளந்தார். பிரவீனின் பையையும் சோதித்தார். இரண்டிலும் குறை இல்லை.

சந்தையில் தராசுத் தட்டை இப்போது யாரும் திருப்புவதில்லை. மைதானத்தில் முறை இதுதான்: போன வருஷம் ஜெயித்த அணி, ஆட்டத்துக்கு முன் தன் சிறந்த ஆட்டக்காரனைத் தோற்ற அணிக்குக் கொடுக்கிறது. அப்படியும் கோடு ஒரு விரல் நகர்ந்தால், இன்னொருவனையும் கொடுக்கிறது.