லோகாம்பாள் சொன்னது

காரைக்காலை அடுத்த நெரவிக்குப் படம் எடுக்க வந்தவர்கள் நாலே பேர். 1981-ஆம் வருடத்தை ஊனமுற்றோர் ஆண்டு என்று அறிவித்திருந்தார்கள். காது கேளாத, வாய் பேசாத ஒரு விவசாயப் பெண்ணைப் பற்றிப் பத்து நிமிடச் செய்திப்படம் எடுக்கும் வேலை இயக்குநர் குஞ்சிதபாதத்துக்கு வந்திருந்தது. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் விசாரித்தபோது லோகாம்பாள் பெயரைச் சொன்னார்கள்.

லோகாம்பாளுக்கு முப்பத்திரண்டு வயது. மூன்று வயதில் வந்த காய்ச்சலில் காது போனது. அண்ணன் தெட்சிணாமூர்த்தி காரைக்காலில் குமாஸ்தாவாக இருந்ததால் நிலத்தைப் பார்த்துக்கொண்டது அவள்தான். பம்பு செட்டு ஓடும்போது குழாயில் உள்ளங்கையை வைப்பாள். தண்ணீர் சரியாக ஏறுகிறதா, காற்று இழுக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். முதல் நாள் அதைப் படம் பிடித்தார்கள். அவள் கேமராக்காரரின் கையையும் பிடித்து இழுத்துக் குழாயில் வைத்துக் காட்டினாள்.

மறுநாள் பேட்டி. தெட்சிணாமூர்த்தி வேலைக்குப் போய்விட்டார். லோகாம்பாள் கையால் சொல்வது முழுதாகப் புரிவது அண்ணி திரிபுரசுந்தரிக்கு மட்டுந்தான். பதினாலு வருடம் ஒரே அடுப்படியில் நின்று இரண்டு பேரும் உண்டாக்கிக்கொண்ட பாஷை அது. அண்ணனுக்குத் தெரிந்தது சாப்பாடு, தண்ணீர், வா, போ, அவ்வளவுதான்.

"ஏதாவது மனக்குறை உண்டான்னு கேளுங்கம்மா" என்றார் குஞ்சிதபாதம்.

லோகாம்பாளின் கைகள் வெகுநேரம் அசைந்தன. மேலண்டை வரப்பை உயர்த்த வேண்டும், என்ன நெல் விதைக்கலாம் என்று யாரும் தன்னைக் கேட்பதில்லை என்றெல்லாம் சொன்னாள்.

"ஒரு குறையும் இல்லேங்கிறா சார். நாங்க நல்லா வச்சிருக்கோம்" என்றாள் திரிபுரசுந்தரி.

குஞ்சிதபாதம் சற்றுத் தயங்கினார். "கல்யாணம் ஏன் பண்ணிக்கலைன்னு கேக்கலாமா? சங்கடமா இருந்தா வேணாம்."

திரிபுரசுந்தரி கேட்டாள். நாத்தனார் சிரித்துக்கொண்டு தோளைக் குலுக்குவாள், அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தாள். ஆனால் லோகாம்பாள் சிரிக்கவில்லை. இரண்டு கைகளாலும் சைக்கிள் மிதிப்பதுபோல் காட்டினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டாள். தோளில் துண்டு போடுவதுபோல் காட்டி அண்ணனைக் குறிப்பிட்டு, 'இல்லை' என்று கையை வீசினாள். கடைசியாக அண்ணியைச் சுட்டி, தன் உதட்டின்மேல் விரலை வைத்தாள்.

திரிபுரசுந்தரி இயக்குநர் பக்கம் திரும்பினாள். "கொஞ்சம் நிறுத்துங்க சார்" என்றாள்.

கேமரா நின்றது.

ஏழு வருடத்துக்கு முன் திருமலைராயன்பட்டினத்திலிருந்து சோமு என்பவன் பெண் பார்க்க வந்தான். சைக்கிள் கடை வைத்திருந்தவன். ஒரு கால் சற்று இழுக்கும். அவனை லோகாம்பாளுக்குப் பிடித்திருந்தது. அன்னியர் வீட்டில் அடித்தால்கூட வந்து சொல்லத் தெரியாதவள் என்று அண்ணன் பயந்தார். படுக்கையில் கிடந்த தாயாரை வேறு யார் பார்ப்பது என்ற எண்ணமும் அதோடு இருந்தது. பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று சோமுவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். பையனுக்கு இஷ்டமில்லை என்று லோகாம்பாளுக்குச் சொன்னவள் திரிபுரசுந்தரி.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவள் இப்போது நாத்தனாரைக் கையால் கேட்டாள்.

அடுத்த மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் சோமு எதிரே வந்தானாம். ஏன் வேண்டாமென்றாய் என்று சைகையில் கேட்டானாம். இவள் பதில் சொல்லுமுன் கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

"இவ்வளவு நாளும் ஏன் கேக்கல?"

லோகாம்பாள் அண்ணியையே பார்த்தாள். நீதானே எனக்குப் பேச இருக்கிறாய், உன்னிடம் சண்டை போட்டால் நான் யாரோடு பேசுவது என்று கைகள் சொல்லின.

திரிபுரசுந்தரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மறுபடி எடுங்க சார். இப்ப அவ சொன்னதச் சொல்றேன். முன்ன நான் சொன்னது அவ சொன்னதில்ல" என்றாள். வரப்பிலிருந்து திருவிழா வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னாள். தன் பங்கையும் மறைக்கவில்லை.

சாயங்காலம் தெட்சிணாமூர்த்திக்கு விஷயம் தெரிந்தது. "ஊருக்கெல்லாம் காட்டப் போறாங்க, வீட்டு விஷயத்தப் போய்..." என்று ஆரம்பித்தவர், தங்கை வாசற்படியில் நின்று பார்ப்பதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். அவள் எதிரில் போய் நின்றார். கையைத் தூக்கினார், எப்படி அசைப்பது என்று தெரியவில்லை.

"மன்னிச்சுக்கன்னு எப்படிச் சொல்றது?" என்று மனைவியைக் கேட்டார்.

"தெரியலங்க. இந்த வீட்ல யாரும் அவகிட்ட அதச் சொன்னதில்ல."

லோகாம்பாள்தான் அவர் கையைக் கீழே இறக்கிவிட்டு, சாப்பிட வரும்படி காட்டினாள்.

மறு வருடம் காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் படத்தைப் போட்டார்கள். அந்தப் பேட்டியும் அதில் இருந்தது. சோமுவுக்கு அதற்குள் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள் என்று கேள்வி. அண்ணி அதைக் கையால் சொன்னபோது லோகாம்பாள் தலையாட்டினாள். வரப்பு உயர்ந்தது. விதைப்புக்கு முன் தெட்சிணாமூர்த்தி நெல்லை உள்ளங்கையில் வைத்து, எது என்று தங்கையிடம் நீட்டப் பழகினார்.

1984-இல் கோட்டுச்சேரிப் பக்கமிருந்து இன்னொருவர் பெண் கேட்டு வந்தார். மனைவியை இழந்தவர், நல்ல மாதிரி. லோகாம்பாள் கேட்ட எல்லாவற்றையும் திரிபுரசுந்தரி கூட்டாமல் குறைக்காமல் கேட்டுச் சொன்னாள். கடைசியில் லோகாம்பாள் வேண்டாமென்று கையை வீசினாள்.

"ஏனாம்?" என்றார் வந்தவர், தெட்சிணாமூர்த்தியைப் பார்த்து.

"நீங்க வந்ததுலேருந்து எங்க அண்ணன் மொகத்தையேதான் பாக்குறீங்க, என்னைப் பாக்கவே இல்லேங்கிறா" என்றாள் திரிபுரசுந்தரி.